பக்கத்துக் கூடாரத்தில் இருந்தது யார்?

2024 டிசம்பர் 2 முதல் ஸ்பெயினில் ஒரு விதி முழு அமலில் இருக்கிறது. ஓட்டலோ, வாடகை வீடோ, கூடார முகாமோ, தங்க வருகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த மாதமே, 2025 ஜனவரி 1 அன்று, ஜெர்மனி தன் குடிமக்கள் விடுதிகளிலும் முகாம்களிலும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியிருந்த பதிவுப் படிவத்தை ரத்து செய்தது. வெளிநாட்டவருக்கு மட்டும் அது தொடர்கிறது. ஒன்று பாதுகாப்பு என்கிறது. இன்னொன்று காகித வேலை குறைகிறது என்கிறது. கூடாரத்திலிருந்து ஒரு குழந்தை காணாமல் போனால் அந்தப் பதிவால் என்ன பயன் என்ற கேள்வி இந்த வாதத்தில் ஓரமாகவே நிற்கிறது. அதை நடுவில் வைத்துப் பார்த்தால் இரண்டு நாடுகளின் விடையும் கோளாறாகத் தெரிகிறது.

ஐடஹோவில் ஒரு பிற்பகல்

2015 ஜூலை 10. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், லெடோர் என்ற சிற்றூருக்கு அருகே மலைக்காட்டுக்குள் இருக்கிறது டிம்பர் கிரீக் முகாம். அன்று பிற்பகல் அங்கே இரண்டரை வயது ஆண் குழந்தை ஒன்று காணாமல் போனது. உடன் வந்திருந்த பெரியவர்கள் நான்கு பேர்: பெற்றோர், கொள்ளுத்தாத்தா, அவருடைய நண்பர். பிள்ளை தாத்தாவிடம் இருப்பதாகப் பெற்றோர் நினைத்தார்கள். பெற்றோர் பின்னாலேயே போய்விட்டதாகத் தாத்தா நினைத்தார். அவர்கள் சொன்னது இவ்வளவுதான். ஹெலிகாப்டர் பறந்தது, மோப்ப நாய்கள் வந்தன, குதிரைகளில் ஏறி மலைச்சரிவுகளைச் சல்லடை போட்டார்கள், நீரில் இறங்கித் தேடினார்கள். குழந்தை காலில் போட்டிருந்த பூட்ஸில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்தது, துப்புத் துலங்காத வழக்குகளில் வழக்கமாக நடப்பதுதான். சந்தேகம் வெளியே போக வழியில்லாமல் குடும்பத்தின் மீதே திரும்பியது. அந்த வட்டாரத்தின் ஷெரீஃப் பெற்றோரைச் சந்தேகிப்பதாக வெளிப்படையாகவே சொன்னார், அவர்கள் மறுத்தார்கள், குற்றம் நிரூபிக்கும் சான்று எதுவும் வெளிவரவில்லை. குழந்தை அந்த முகாமுக்கு வந்ததா என்றுகூடச் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். குடும்பத்தோடு சேராத ஒருவர், முகாமின் நுழைவில், “ஆமாம், நான்கு பெரியவர்களும் ஒரு குழந்தையும் இத்தனை மணிக்கு வந்தார்கள்” என்று குறித்து வைத்திருந்தால் அந்த ஒரு கேள்வியாவது எழுந்திருக்காது. வழக்கு அதனால் முடிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புலனாய்வு தொடங்க வேண்டிய இடம் தெளிவாக இருந்திருக்கும்.

அமெரிக்க வனத்துறையின் பல முகாம்களில் நுழைவுப் பதிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆள் கிடையாது. வாசலில் தரையில் ஊன்றிய ஓர் இரும்புக் குழாய். அதன் தலையில் உண்டியல் போல ஒரு பிளவு. பக்கத்துப் பெட்டியில் உறைகள். உறையின் மேல் பெயர், தேதி, கார் எண், இட எண் எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டி, பிளவில் போட வேண்டும். துண்டுச் சீட்டைக் கிழித்துக் கூடார இடத்துக் கம்பத்தில் செருகிவிட வேண்டும். இந்தக் குழாய்க்கு அங்கே செல்லப்பெயர் ‘இரும்பு ரேஞ்சர்’. அந்த ரேஞ்சர் எதையும் சரிபார்ப்பதில்லை, எழுதினது எழுதினதுதான். அதிலும் அது கட்டணம் வசூலிக்க வைத்த ஏற்பாடு. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அறிவது அதன் வேலையே அல்ல.

திருடனைப் பிடிக்க அல்ல, சாட்சியைத் தேட

அடையாளச் சோதனை என்றதும் நம் மனதில் வருவது வாசலில் குற்றவாளியை மடக்கிப் பிடிக்கும் காட்சி. அப்படி நடப்பது அபூர்வம். கடத்த நினைப்பவன் வரிசையில் நின்று அட்டை நீட்டுவதில்லை. பதிவேட்டின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டலில் தங்கினவர் மறுநாளும் அறை எண்ணோடு இருப்பார். ஊரில் நடந்தால் அக்கம்பக்கத்தார் எங்கும் போய்விட மாட்டார்கள். கூடார முகாமில் அக்கம்பக்கம் என்பது ஓர் இரவுக்கு மட்டும். விடிந்ததும் பாதிப் பேர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நாலா திசையிலும் போய்விடுகிறார்கள். நள்ளிரவில் கார் சத்தம் கேட்டவர், அந்நியன் ஒருவன் உலவியதைப் பார்த்தவர், குழந்தை அழுததைக் கேட்டுப் புரண்டு படுத்தவர் என எல்லோரும் நூறு மைல் தள்ளிப் போன பிறகுதான் பெரும்பாலும் போலீஸ் விசாரிக்கத் தொடங்குகிறது. தாங்கள் பார்த்தது முக்கியமானது என்று அவர்களுக்கே தெரியாது.

1969 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் இப்படித்தான் நடந்தது. ஸ்பென்ஸ் ஃபீல்டு என்ற புல்வெளியில், பெரியவர்களைப் பயமுறுத்த ஒளிந்துகொண்ட சிறுவர்களில் ஒருவன், ஏழாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தவன், திரும்பி வரவில்லை. சிவப்புச் சட்டை போட்டிருந்தான். அன்று இரவே கனமழை. தேடுதலில் ஒரு கட்டத்தில் சுமார் 1,400 பேர் இறங்கினார்கள், ராணுவத்தினர் உட்பட. இத்தனை கால்கள் நடந்ததில் இருந்த தடயமும் மிதிபட்டிருக்கும் என்று பின்னால் பேசப்பட்டது. கூட்டத்தைத் திரட்டுவதற்கு முன் தடயத்தைக் காக்க வேண்டும் என்ற பாடத்தைத் தேடுதல் பணியாளர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதே நாளில் பூங்காவின் வேறொரு பகுதிக்கு வந்திருந்த ஒரு குடும்பம் அலறல் சத்தம் கேட்டதாகவும், புதருக்குள் ஓர் ஆளைப் பார்த்ததாகவும் சொன்னது. ஆனால் செய்தி தெரிந்த பிறகு, பல நாட்கள் கழித்து. தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்ட அதிகாரிகள் தொடர்பில்லை என்று முடிவு செய்தார்கள். அது சரியாகவும் இருக்கலாம். அந்த மாலையே அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அந்த இடம் ஈரம் காயுமுன் பார்க்கப்பட்டிருந்தால், இன்று ‘இருக்கலாம்’ என்று சொல்ல வேண்டியிருக்காது. சிறுவன் கிடைக்கவே இல்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் வைக்க வேண்டியது, மேற்கு ஆஸ்திரேலியாவில் துப்புத் துலங்கிய வழக்கு. 2021 அக்டோபர் 16 அதிகாலையில், கார்னார்வன் ஊருக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் புளோஹோல்ஸ் முகாமில், பெற்றோரின் கூடாரத்திலிருந்து நான்கு வயதுச் சிறுமி காணாமல் போனாள். அவள் படுத்திருந்த உறக்கப் பையும் இல்லை. கூடாரத்தின் ஜிப் அவள் கைக்கு எட்டாத உயரம் வரை திறந்திருந்தது. போலீஸ் அதைக் கடத்தலாகவே எடுத்துக்கொண்டது. அன்றிரவு அங்கே தங்கியவர்கள், அந்தச் சாலையில் போனவர்கள் எல்லோரும் முன்வர வேண்டும் என்று மறுபடி மறுபடி கேட்டது. மாநில அரசு பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வெகுமதி அறிவித்தது. போலீஸ் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையோரத் தொட்டிகளிலிருந்து குப்பையை அள்ளி வந்து கிளறிப் பார்த்தது. அதிகாலை மூன்று மணிக்கு மேல் ஒரு கார் முகாம் சாலையிலிருந்து ஊர்ப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததாக அவ்வழியே போனவர்கள் சொன்னார்கள். அந்தத் தகவலும் கைபேசித் தரவுகளும் மற்றத் துப்புகளும் சேர்ந்து, 18-ஆம் நாள், நவம்பர் 3 பின்னிரவில், கார்னார்வனில் பூட்டிய வீடு ஒன்றில் அவளை உயிரோடு மீட்க வழிகாட்டின. கடத்தியவனுக்கு 2023-இல் பதிமூன்றரை ஆண்டுச் சிறை.

அவன் அந்த முகாமில் பதிவு செய்து தங்கியவன் அல்ல. எனவே பதிவேட்டில் அவன் பெயர் இருந்திருக்காது என்று எதிர்த்தரப்பு சொல்லும், சரிதான். ஆனால் அந்த 18 நாட்களில் எத்தனை உழைப்பு, அங்கே இருந்த அப்பாவிகள் யார் என்று கண்டுபிடிப்பதற்கும் அவர்களைக் கணக்கிலிருந்து கழிப்பதற்கும் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டும். யாரெல்லாம் இருந்தார்கள் என்ற பட்டியல் கையில் இருந்தால், பட்டியலில் இல்லாத வண்டிதான் முதலில் கண்ணில் படும்.

சாட்சிகளின் பெயர் தெரிந்திருப்பது பெற்றோருக்கும் காப்பு. 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் கைக்குழந்தையை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிச் சென்றதாகத் தாய் லிண்டி சேம்பர்லைன் கதறினார். உலகம் நம்பவில்லை, 1982-இல் ஆயுள் தண்டனை. 1986-இல் குழந்தையின் மேற்சட்டை பாறை அடிவாரத்தில் கிடைத்த பிறகு விடுதலை, 1988-இல் தண்டனை ரத்து. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தது 2012-இல். நாயின் உறுமலைக் கேட்ட பக்கத்துக் கூடாரப் பெண்ணும், குழந்தையின் அழுகையைக் கேட்ட இன்னொரு பெண்ணும் தொடக்கத்திலிருந்தே அதைச் சொல்லி வந்தார்கள். ஜூரி அவர்களை நம்பாமல் போனது வேறு கதை. பின்னால் அரசு விசாரணை ஆணையம் மறுபரிசீலனை செய்தபோது அவர்கள் சாட்சியம் கனம் பெற்றது. அவர்கள் அன்று இரவே முகாமைக் காலி செய்துவிட்டுப் பெயர் தெரியாமல் போயிருந்தால் அந்தத் தாய்க்கு யார் இருந்திருப்பார்கள்?

சட்டம் குழந்தையை எண்ணிக்கையாகவே பார்க்கிறது

ஐரோப்பியச் சட்டம் இதைத் தொடக்கத்திலேயே யோசித்தது என்பதுதான் வியப்பு. 1990-இல் கையெழுத்தான ஷெங்கன் உடன்படிக்கையின் 45-ஆம் பிரிவு, தங்குமிடங்களில் வெளிநாட்டவர் பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும் என்கிறது. கூடாரம், கேரவன், படகு ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. எதற்காக என்றும் சொல்கிறது: ஆபத்தைத் தடுக்க, குற்றங்களை விசாரிக்க, காணாமல் போனவர்களின் நிலையைத் தெளிவுபடுத்த. அடுத்த மூச்சில் ஒரு விலக்கும் தருகிறது. உடன் வரும் துணைவருக்கும் சிறுவர்களுக்கும் இது பொருந்தாது. ஜெர்மனியின் பதிவுச் சட்டத்திலும் உடன் வரும் குடும்பத்தினர் தலைக்கணக்காக மட்டுமே இடம்பெறுகிறார்கள். காணாமல் போகக்கூடியவர்களை நினைத்து எழுதிய சட்டம், காணாமல் போக அதிக வாய்ப்புள்ளவர்களையே வெறும் எண்ணாக்கிவிட்டது. அந்த எண்ணும் பயன்படும் என்பது உண்மை. ஒரு குழந்தை வந்தது, ஒரு குழந்தை போனது என்ற கணக்காவது இருக்கும். ஆனால் போனதைப் பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. பல பதிவேடுகள் வருகையோடு நின்றுவிடுகின்றன.

ஸ்பெயின் இந்த ஓட்டையை அடைக்கப் போய் வீட்டையே மூடிவிட்டது. சிறுவர் யாரேனும் இருந்தால் அவருக்கும் பெரியவர்களுக்கும் என்ன உறவு என்று அங்கே கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அதோடு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பணம் செலுத்திய முறை, வங்கி அட்டை விவரம் எனப் படிவம் நீண்டு, எல்லாத் தங்குவோர் விவரமும் ஒன்றுவிடாமல் அன்றாடம் காவல்துறைக் கணினிக்குப் போகிறது. பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். தவறினால் 30,000 யூரோ வரை அபராதம். சுற்றுலாத் தொழிலினர் கொதித்தெழுந்தார்கள். விடுதிகள் பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வைக்கத் தொடங்க, அப்படி எடுக்கக் கூடாது என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பே சொல்ல வேண்டியதாயிற்று. விடுமுறைக்கு வரும் அத்தனை பேரையும் சந்தேக நபராக்கிச் சேர்க்கும் கிடங்கில், ஒரு குழந்தையைத் தேட வேண்டிய நேரத்தில் எதை எடுப்பார்கள்?

உறவு கேட்பதிலும் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, சொல்லிவிட வேண்டும். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று நம்மில் பலருக்குக் கிடையாது. மகளின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் கடைசியில் வரும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் வரும். ஐரோப்பிய வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இருவரும் ஒரே குடும்பம் என்பதற்கு அட்டையில் அடையாளமே இராது. உறவைச் சொன்னால் எழுதிக்கொள்வது வேறு, நிரூபி என்று நிறுத்தி வைப்பது வேறு. முன்னது போதும்.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் எண்ணிக்கை பற்றியது. அந்நியர் கடத்தல் மிக அரிது. அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு, தொலைவுக்குக் கொண்டு போதல், பணயம், கொலை போன்ற கொடிய வகை அந்நியர் கடத்தல்கள் 2011-ஆம் ஆண்டில் சுமார் 105 என்று மதிப்பிட்டது, அத்தனை பெரிய நாட்டில். அதே நாட்டில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. அப்படியானால் கூடார முகாமில் பயப்பட வேண்டியது ஓடையைப் பார்த்துத்தானே என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழந்தை ஓடைக்குப் போனதா, காட்டுக்குள் போனதா, காரில் ஏற்றப்பட்டதா என்பது முதல் மணி நேரத்தில் யாருக்கும் தெரியாது. காரில் போகவில்லை என்று சீக்கிரம் உறுதியானால், தேடும் கைகள் அத்தனையும் ஓடைக்குப் போகலாம். பதிவேடு கடத்தலுக்கு மட்டுமானது அல்ல. வழி தவறிய குழந்தைக்கும் அதுவே உதவுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: பெயர் தெரிந்திருந்தும் என்ன பயன்? ஜெர்மனியின் லூக்டே முகாமில் பல ஆண்டுகளாகக் குழந்தைகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2019-இல் இருவருக்கு 13 ஆண்டும் 12 ஆண்டும் சிறை. முக்கியக் குற்றவாளி முகவரி தெரியாதவன் அல்ல. அந்த முகாமிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தவன். ஒரு சிறுமியை வளர்க்கும் பொறுப்பைக் குழந்தை நல அலுவலகமே அவனிடம் கொடுத்திருந்தது. எச்சரிக்கைகள் வந்தன, அசட்டையாக விடப்பட்டன. கைப்பற்றிய குறுந்தகடுகள் காவல் நிலையத்திலிருந்தே காணாமல் போயின. இங்கே குறை பதிவேட்டில் இல்லை, பதிவேட்டைத் தாண்டி யாரும் பார்க்காததில் இருக்கிறது. அட்டை பார்த்துவிட்டோம், எல்லாம் பத்திரம் என்ற நினைப்பு அட்டை பார்க்காததைவிட ஆபத்தானது. அதனால்தான் பதிவேட்டைத் தடுப்புச் சுவர் என்று விற்கக் கூடாது என்கிறேன்.

மூன்றாவது, அந்தரங்கம். பயம் பொய்யல்ல. மேரியட் ஓட்டல் குழுமத்தின் தரவுக் கசிவில் மறையாக்கம் செய்யாமல் வைத்திருந்த 52 லட்சத்துக்கு மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் வெளியே போயின. இந்தியாவில் லாட்ஜ் வாசலில் ஆதாரை நீட்டி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. 2022 மே மாதம், ஆதார் நகலை அப்படிக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. மக்கள் குழம்பியதுதான் மிச்சம். நகல் வாங்கி அலமாரியில் அடுக்குவது சரிபார்ப்பே அல்ல என்பது அந்தக் குழப்பத்தில் காணாமல் போயிற்று.

நான்காவதை அதிகம் பேர் சொல்வதில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாடகை கொடுக்க முடியாதவர்கள் பலர் கூடார முகாம்களில் மாதக்கணக்கில் குடியிருக்கிறார்கள். அடிக்கும் கணவனிடமிருந்து பிள்ளைகளோடு ஓடி வந்த பெண் தன் பெயர் எந்தக் கணினியிலும் ஏறக் கூடாது என்றே இருப்பாள். அடையாளம் இல்லாதவருக்கு இடமில்லை என்று விதி செய்தால், பாதுகாக்க வேண்டிய குழந்தைகளையே முதலில் வெளியே அனுப்பியவர்கள் ஆவோம். பதிவு என்பது அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

என்ன செய்யலாம்

ஒரு கூடாரத்துக்குப் பொறுப்பான ஒருவர் மட்டும் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பார்த்துத் திருப்பித் தர வேண்டும்; நகலோ படமோ எடுக்கக் கூடாது. எழுதிக்கொள்ள வேண்டியவை அவர் பெயர், கைபேசி எண், வண்டி எண், இட எண், பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் வயது, பொறுப்பாளருக்கு அவர்களோடு என்ன உறவு. அட்டை இல்லாதவரைத் திருப்பி அனுப்பாமல், சொன்னதை எழுதிக்கொண்டு ‘சரிபார்க்கவில்லை’ என்று குறித்தால் போதும். கிளம்பும் நேரத்தையும் குறிக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். காலை ஆறு மணிக்கு யார் யார் கிளம்பிவிட்டார்கள் என்று ஏழு மணிக்குத் தெரிந்தால், எந்தச் சாலையில் எந்த வண்டியை நிறுத்தி விசாரிப்பது என்று தெரியும். கடத்தப்பட்ட குழந்தையைப் பற்றி மக்களுக்கு உடனே அறிவிக்கும் ஆம்பர் எச்சரிக்கை போன்ற ஏற்பாடுகள் பயன்பட வண்டியைப் பற்றியோ ஆளைப் பற்றியோ ஏதாவது விவரம் வேண்டும். வெறும் கையோடு எச்சரிக்கை விட முடியாது.

அந்த ஏடு முகாமிலேயே மூடியிருக்க வேண்டும். தினமும் காவல்துறைக்கு அனுப்பத் தேவையில்லை. காணாமல் போன புகார் வந்ததும் அதிகாரி எழுத்தில் கேட்டால் அந்த நிமிடமே திறக்க வேண்டும். ஏன் திறந்தது என்று பதிவாக வேண்டும். புகார் ஏதும் இல்லாவிட்டால் அறுபது நாளில் அழித்துவிடலாம். காட்டுக்குள் ஆளில்லாத முகாம்களில் இரும்புக் குழாய் அப்படியே இருக்கட்டும். உறையில் கைபேசி எண்ணுக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் இரண்டு வரி சேர்ப்பது அச்சகத்து வேலை. நுழைவுச் சாலை ஒன்றே ஒன்றாக இருக்கும் இடங்களில் வண்டி எண்ணை மட்டும் பிடிக்கும் கேமரா ஒன்று வைத்து, சில வாரங்களில் தானாக அழியும்படி செய்யலாம்.

ஏடு மட்டும் இருந்து, அவசரத்தில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாவிட்டால் வீண். 1994-இல் வால்மார்ட் கடைகள் ‘கோட் ஆடம்’ என்ற நடைமுறையைத் தொடங்கின. 1981-இல் ஃபுளோரிடாவில் கடையிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட சிறுவனின் பெயர் அதற்கு. கடைக்குள் குழந்தை காணோம் என்றதும் அடையாளம் அறிவித்து, வாசல்களில் ஆள் நிறுத்தி, பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் போலீஸைக் கூப்பிட வேண்டும். 2003-இல் அமெரிக்கா தன் மத்திய அரசுக் கட்டடங்களுக்கும் இதைச் சட்டமாக்கியது. கூடார முகாம்களுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். வெளியே போகும் வண்டிகளை மெதுவாக்கி எண்ணைக் குறிப்பது, தங்கியிருப்போரைக் கொஞ்ச நேரம் இருக்கும்படி கேட்டுக்கொள்வது, குழந்தையின் கூடாரத்தை மற்றவர்கள் மிதிக்காமல் காப்பது. கட்டணம் வசூலிப்பவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

நம் ஊருக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று மாலை மலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே ஆளுக்கொரு எண்ணாகத்தான் வந்தது. அதன்பின் மலையேற்றத்துக்கு முறையான முன்பதிவு வந்திருக்கிறது. 2024-இல் அரசு தொடங்கிய இணையவழி ஏற்பாடு அதில் ஒன்று. கூடாரத் தங்கலுக்கு அந்தக் கவனம் இன்னும் வரவில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் எஸ்டேட் ஓரங்களில் கைபேசியில் பணம் அனுப்பினால் கூடாரம் கிடைக்கிறது. முன்பணம் கட்டியவர் பெயர் தெரியும். அவரோடு வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. காணாமல் போன குழந்தை குறித்த புகாரைக் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. அறிக்கையைப் பதிந்த அதிகாரி அடுத்த நிமிடம் கேட்கப் போகிற கேள்விக்கு விடை முகாமில் இருக்க வேண்டாமா?

சுற்றுலாத் துறையும் மாவட்ட ஆட்சியர்களும் அடுத்த கோடைச் சீசனுக்கு முன் இந்த எட்டு விவரங்களையும் கிளம்பும் நேரத்தையும் கட்டாயமாக்கலாம். ஆதார் நகல் கேட்பதைத் தடை செய்யலாம். அதுவரை, பிள்ளைகளோடு கூடாரத்தில் தங்கப் போகிறவர்கள் பதிவேடு எங்கே என்று தாங்களாகவே கேளுங்கள். இல்லையென்றால், வண்டி எண்ணையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.